புழுங்கல் அரிசியும் சுருங்கிய வயிறும்

இராமநாதபுரம் சீமையில் நெல்லை அவித்துக் குத்துவது பழவழக்கம். அவிக்கையில் தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். அது குறைந்தால் வருவது பெரிபெரி. 1890களில் ஜாவாவில் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகளிடம் அத்தகைய நோயைக் கண்டார். சென்னை மாகாணத்திலும் பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களையே அது மிகுதியாக வாட்டியது.

1966இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன், பருமன் குறைய இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் அறுவையைத் தொடங்கிவைத்தார். எடை குறைந்தது. ஆனால் இத்தகைய அறுவைக்குப் பின் ஓயாது வாந்தியெடுத்த சிலருக்குக் கால் மரத்தது, பார்வை இரட்டித்தது, நினைவு தடுமாறியது. பழைய தயமின் குறைவே திரும்பி வந்திருந்தது.

அறுவை முடிந்து இராமேசுவரம் கரைக்குத் திரும்பும் ஒருவரைப் புழுங்கல் அரிசி மட்டும் காக்காது. அவர் உண்ணக்கூடியது சில கவளமே. ஆகவே முதலில் மீன், பிறகே சோறு. கருப்பட்டிப் பாகு படபடப்பையும் வியர்வையையும் தரலாம். சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும் வேண்டும். விருந்தில் அவர் பாதியிலேயே இலையை மூடினால் நாம் மனம் கோணலாகாது. வாந்தி நிற்காவிட்டால், வயிறு பழகுகிறது என்று காத்திருக்கவும் ஆகாது. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். வறியோர் நோயென்று நாம் மறந்தது, நிறைந்த வீட்டுக்குள்ளும் நுழையும்.