பகாவ் காட்டில் ஒரு மேய்ப்பர்



சமய நம்பிக்கை ஆலயத்தின் நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடுவதன்று. அயலாரின் துன்பத்தில் பங்கு கொள்ளும்போதுதான் அது நிறைவு பெறுகிறது. எல்லாச் சமயங்களும் இதைக் கூறுகின்றன. கிறிஸ்துவ சமயம் இதனை மேய்ப்பன் ஒருவனைக் காட்டி விளக்குகிறது. ஓநாய் வரும்போது கூலிக்கு மேய்ப்பவன் ஓடிவிடுவான். நல்ல மேய்ப்பன் ஆடுகளோடு நிற்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுப் பழகிய இந்தக் கருத்து, நம் நெகிரி செம்பிலான் மண்ணிலேயே ஒரு காலத்தில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. அந்த வரலாற்றையே இன்று நாம் காணப் போகிறோம்.

பகாவ் என்றதும் நம் நினைவுக்கு வருபவை ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும், கெமாசிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையும்தான். அந்தப் பாதை 1910-ஆம் ஆண்டில் பகாவ் வரை திறக்கப்பட்டது. அதே பகாவை அடுத்த காட்டில், இரண்டாம் உலகப் போரின்போது, சிங்கப்பூரிலிருந்து வந்த கத்தோலிக்க மக்களின் குடியேற்றம் ஒன்று இருந்தது என்பதை நம் பிள்ளைகளில் பலர் அறியார்.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன் பெயரும் 'சியோனான்' என்று மாற்றப்பட்டது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்து கொண்டிருந்த அரிசி குறைந்தது. நம் தோட்டங்களிலும் அந்த நாட்களில் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. கோணிச் சாக்கே ஆடையாயிற்று. பெருகிய நகர மக்களுக்கு உணவளிக்க முடியாத ஜப்பானிய நிர்வாகம், அவர்களில் ஒரு பகுதியினரை மலாயாவின் காடுகளுக்கு அனுப்பிப் பயிர்செய்ய வைக்கத் திட்டமிட்டது. 1943-ஆம் ஆண்டில் சீனர்களுக்கு ஜொகூரில் எண்டாவ் ஒதுக்கப்பட்டது. யூரேசியருக்கும் சீனக் கத்தோலிக்கருக்கும் பகாவ் ஒதுக்கப்பட்டது. அதற்கு 'பூஜி கிராமம்' என்ற பொருள்படும் ஜப்பானியப் பெயரும் இடப்பட்டது.

அப்போது மலாக்கா மேற்றிராணியாராக இருந்தவர் ஏட்ரியன் டெவால்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1882-ஆம் ஆண்டில் பிறந்த அவர், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த குருவாக மலாயாவுக்கு வந்து, பல்லாண்டுகள் பணியாற்றிய பின் அந்தப் பதவிக்கு உயர்ந்தவர். தம் மக்கள் சிங்கப்பூரில் பசியாலும் சந்தேகக் கண்களாலும் வாடுவதைக் கண்டு, அவர் இந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டார். பலரையும் புறப்படும்படி ஊக்குவித்தார். அத்தோடு அவர் நின்றிருக்கலாம். வயதோ அறுபதைக் கடந்துவிட்டது. சிங்கப்பூரில் தலைமைப் பேராலயம் இருந்தது. ஆனால் அவரும் அவர்களோடு புறப்பட்டார்.

1943 டிசம்பர் இறுதியில் முதல் குழுவினர் பகாவ் வந்து சேர்ந்தனர். நாளடைவில் அங்கே குடியேறியோர் ஆயிரக்கணக்கில் பெருகினர். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தர்கள், ஆசிரியர்கள், கடைச் சிப்பந்திகள். மண்வெட்டி பிடித்து அறியாதவர்கள். மரம் வெட்டி, வேர் பறித்து, அத்தாப்பு வீடு கட்டி, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோளமும் நட்டார்கள். குருமாரும், கன்னியர் மடத்துச் சகோதரிகளும், பள்ளி நடத்தும் துறவறச் சகோதரர்களும் அதே காட்டில் அதே வேலையைச் செய்தார்கள். மேற்றிராணியாரும் மண்வெட்டி பிடித்தார்.

ஆனால் மண்ணோ அவர்கள் எதிர்பார்த்த விளைச்சலைத் தரவில்லை. அதைவிடப் பெரிய பகை மலேரியா. இங்கே நாம் சிறிது நின்று ஓர் அறிவியல் உண்மையைத் தெரிந்துகொள்வது நலம்.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை 1897-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். மலாயாவில் டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர், 1901-ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் இந்த நோயை எதிர்த்துப் போராடினார். கடலோரச் சதுப்பு நிலத்தில் காட்டை வெட்டி, வடிகால் அமைத்தால் நோய் குறைந்தது. அதே முறையைக் குன்று நிலத்துத் தோட்டங்களில் கையாண்டபோது நோய் குறையவில்லை, மாறாகப் பெருகியது! காரணம் என்ன? குன்றுப் பகுதியில் நோயைப் பரப்பும் கொசு வேறு வகையைச் சேர்ந்தது. அது நிழலை விரும்பாது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரிலேயே முட்டையிடும். காட்டை அழித்தவுடன் ஓடைகள் வெயிலுக்குத் திறக்கின்றன. அந்தக் கொசு பெருகுகிறது. ஆகவே ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாக விடவும், மற்ற இடங்களில் எண்ணெய் தெளிக்கவும் வாட்சன் வழி கண்டார். நம் தோட்டங்களில் மருந்தெண்ணெய் அடிக்கும் ஆட்கள் தனியாக வேலைக்கு வைக்கப்பட்டது இதனால்தான்.

பகாவோ மேடும் பள்ளமும் ஓடைகளும் நிறைந்த காட்டு நிலம். அங்கே காடு வெட்டப்பட்டது. குழாயும் இல்லை, எண்ணெயும் இல்லை. உலகின் கொய்னாவில் பெரும்பங்கு விளைந்த ஜாவா ஜப்பானியர் கையில்தான் இருந்தது. ஆனால் பகாவில் காய்ச்சலில் கிடந்தவர்களுக்குப் போதிய கொய்னா வந்து சேரவில்லை. குழந்தைகளும் முதியோரும் முதலில் விழுந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள்.

வேலை செய்தபோது காலில் பட்ட காயம் நஞ்சேறி, 1945-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மேற்றிராணியார் டெவால்சும் மரணமடைந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தது. எஞ்சியவர்கள் சிங்கப்பூருக்குத் திரும்பினார்கள், குடியேற்றம் கைவிடப்பட்டது.

நேயர்களே, இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. மக்களைப் பகாவுக்கு அழைத்து வந்தது சரியான முடிவா? விளைவைப் பார்த்தால் அதனைச் சரியென்று சொல்ல நமக்கு வாய் வராது. நிலத்தின் தன்மையும் நோயின் தன்மையும் முன்கூட்டியே ஆராயப்பட்டிருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும். நல்லெண்ணம் மட்டும் கொசுவைத் தடுக்காது. ஆயினும் அவர் முடிவெடுத்ததோடு நிற்காமல், அந்த முடிவின் பாரத்தையும் தம் தோளில் சுமந்தார் என்பதை நாம் மறுக்க முடியாது. பிறரைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு நகரத்தில் இருந்து ஆசி கூறவில்லை. மக்கள் உண்ட கிழங்கையே உண்டு, அவர்கள் நடந்த சேற்றிலேயே நடந்தார்.

சிங்கப்பூரில் அவரது தலைமைப் பேராலயத்தின் பெயர் 'நல்லாயன் பேராலயம்'. 1839-ஆம் ஆண்டில் கொரியாவில் தம் மக்களைக் காக்கும் பொருட்டுத் தம்மை ஒப்புக்கொடுத்து, செப்டம்பர் 21-ஆம் நாள் கொல்லப்பட்ட இம்பேர் என்ற பிரெஞ்சு மேற்றிராணியாரின் நினைவோடு அந்தப் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. இம்பேரும் இளமையில் சிங்கப்பூரில் கால் பதித்தவரே. பேராலயத்தின் பெயர் சொல்லும் பொருளை டெவால்ஸ் பகாவ் காட்டில் வாழ்ந்து காட்டினார்.

இனி, இதே காலத்தில் நம்மவர்களுக்கு நேர்ந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் 415 கிலோ மீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில்பாதை போடப்பட்டது. பகாவ் வழியாகச் செல்லும் கிழக்குக்கரைப் பாதையின் வடபகுதியிலிருந்து கழற்றப்பட்ட தண்டவாளங்களும் அங்கே கொண்டு செல்லப்பட்டன. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே கொண்டு போகப்பட்டார்கள். வெள்ளைக்காரப் போர்க் கைதிகளும் அதே பாதையில்தான் உழைத்தார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களிலோ ஏறத்தாழ 90,000 பேர் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. கைதிகள் முகாம்களில் அவர்களுடைய சொந்தப் படை மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், கழிப்பிடத்தை ஒழுங்காக வைக்க வேண்டும் என்று கட்டுப்பாடு செய்தார்கள். நம் கூலிகளின் முகாம்களில் அவ்வாறு உடனிருந்து கவனிப்பார் இல்லை. வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாக மடிந்தார்கள்.

இந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது தொண்டின் இலக்கணம் நமக்கு விளங்குகிறது. உடனிருப்பது முதற்பாதி, அறிந்து செய்வது மறுபாதி. பகாவில் உடனிருப்போர் இருந்தார்கள். நோயைத் தடுக்கும் வழியும் மருந்தும் இல்லை. சயாம் பாதையில் நம்மவர்க்கு இரண்டுமே இல்லை. அன்பும் அறிவும் கைகோத்த இடத்தில்தான் மனிதன் பிழைக்கிறான்.

இன்று மாநிலத்தின் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. லயங்களில் வாழ்ந்தவர்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். மலேரியாவின் இடத்தை டிங்கிக் காய்ச்சல் பிடித்திருக்கிறது. துணைக்கு ஆளில்லாத முதியோரும், பாதியில் படிப்பை விட்ட பிள்ளைகளும் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள். தொண்டு செய்யக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோத்தோங் ரோயோங்கில் வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பதும், நோயுற்ற அண்டை வீட்டாரைக் குறித்த நாளில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், எழுதத் தெரியாத பாட்டிக்கு உதவித்தொகைப் பாரத்தை நிரப்பிக் கொடுப்பதும் தொண்டுதான். அவர் கோயிலுக்குப் போகிறவரா, சர்ச்சுக்குப் போகிறவரா என்று கேட்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் நாம் மறவாதிருப்போமாக. பிறருக்கு ஒரு வழியைக் காட்டும்போது, அந்த வழியில் அவர்களோடு நடக்கவும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். நடப்பதற்கு முன் அந்த வழியை நன்கு ஆராயவும் வேண்டும். பகாவ் காட்டில் புதைக்கப்பட்டவர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.