இலண்டன் கவுண்டிச் சபையும் மக்கட் சேவையும் (1889 - 1965)

உள்ளூராட்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எந்த ஆண்டில் எந்தச் சட்டம் நிறைவேறியது, எத்தனை அங்கத்தவர் தெரிவாயினர், எவ்வதிகாரங்கள் எச்சபைக்கு மாற்றப்பட்டன என்பவற்றோடு அவ்வரலாறு முடிந்துவிடுகின்றது. வடிகால் வெட்டுவதும் வீடு கட்டுவதும் வண்டி ஓட்டுவதும் யாருடைய பணத்தில் யாருக்காக நிகழ்ந்தன என்பதே உள்ளூராட்சி பற்றி எழுப்ப வேண்டிய முதல் வினா என நாம் கருதுகின்றோம். இவ்வினாவை இலண்டன் கவுண்டிச் சபையை முன்வைத்து இக்கட்டுரையில் நோக்குவோம். இச்சபையைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணங்கள் இரண்டு. நகரச் சேவைகள் தனியார் இலாபத்துக்கன்றிப் பொதுமக்கள் உடைமையாக இயங்கவேண்டும் என்ற கொள்கை பெரும் அளவிற் பரீட்சிக்கப்பட்ட களங்களுள் இது முதன்மையான ஒன்று. மற்றையது, இச்சபையின் குழு முறை 1931 ஆம் ஆண்டில் இலங்கையின் ஆட்சி முறைக்கே மாதிரியாக அமைந்தமை.

கவுண்டி என்பது இங்கிலாந்தின் பழைய மாவட்டப் பிரிவு. 1888 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் கவுண்டிதோறும் தேர்தல்வழிச் சபைகளை அமைத்தபோது இலண்டனும் ஒரு கவுண்டியாக வகுக்கப்பட்டது. அதற்கு முன்னர் அம்மாநகரை முழுமையாக ஆள்வதற்கு மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்பட்ட அமைப்பு எதுவும் இருக்கவில்லை. கோவிற்பற்றுச் சபைகள் தத்தம் எல்லைக்குள் ஆண்டன; 1855 இல் உருவான மாநகர வேலைகள் சபையின் அங்கத்தவரைத் தெரிவுசெய்தவர்களும் அவர்களே. தேம்ஸ் நதியின் துர்நாற்றம் 1858 ஆம் ஆண்டுக் கோடையிற் பாராளுமன்றத்தின் சன்னல்களை எட்டிய பின்னரே பிரபுக்கள் விழித்துக்கொண்டனர். ஜோசப் பசல்ஜெற் என்னும் பொறியியலாளர் அச்சபைக்காக அமைத்த நிலத்தடி வடிகால்கள் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் காணி விற்பனையில் நடந்த ஊழல்கள் 1880 களில் அம்பலமாகி அச்சபையின் பெயரைக் கெடுத்தன. 1889 சனவரியிற் புதிய சபைக்குத் தேர்தல் நடந்தது. 118 அங்கத்தவர் மக்களால் தெரிவாயினர். 19 மூத்த அங்கத்தவரைச் சபை தெரிவுசெய்தது. றோஸ்பெரி பிரபு முதற் தலைவரானார். இலண்டனின் நடுவிலிருந்த செல்வம் மிக்க பழைய 'சிற்றி' மட்டும் தன் தனிச் சலுகைகளை விடாது பேணிக்கொண்டது.

முதற் சபையின் கதையில் இரு பெண்களின் பங்கு இன்று அதிகம் பேசப்படுவதில்லை. ஜேன் கொப்டனும் சாண்ட்ஹேர்ஸ்ட் சீமாட்டியும் ஆண்களை எதிர்த்துப் போட்டியிட்டு வென்றனர். எம்மா கொன்ஸ் மூத்த அங்கத்தவராகத் தெரிவானார். தோற்றவர் ஒருவர் நீதிமன்றம் சென்றார். வாக்களிக்கும் உரிமை பெண்ணுக்குண்டு, தெரிவாகும் உரிமை இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கவே, சாண்ட்ஹேர்ஸ்ட் சீமாட்டி ஆசனத்தை இழந்தார். ஓராண்டு வரை எவரும் ஆட்சேபிக்காவிடின் தெரிவைப் பின்னர் எதிர்க்க முடியாது என்ற விதியை அறிந்திருந்த கொப்டன் அவ்வோராண்டும் வாக்களிக்காது காத்திருந்தார். அதன் பின்னர் வாக்களித்தபோது, ஆசனம் செல்லும், வாக்களித்தது குற்றம் என்று அவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது! இச்சபைகளிற் பெண்கள் அமர்வதற்கான சட்டம் 1907 இலேயே வந்தது.

1889 இலிருந்து 1907 வரை சபையில் ஆதிக்கம் பெற்றிருந்தோர் முற்போக்காளர் எனப்பட்ட அணியினர். லிபரல் கட்சியினர், தீவிரவாதிகள், பேபியன் சங்கத்தினர், தொழிற்சங்கத்தினர் ஆகியோரின் கூட்டணியாக அது விளங்கிற்று. பற்றர்சியிலிருந்து வந்த ஜோன் பேர்ன்ஸ் தொழிலாளி வர்க்கத்தின் குரலாகவும், 1892 இல் டெப்ற்போர்ட்டில் வென்ற சிட்னி வெப் கொள்கை வகுப்பவராகவும் செயற்பட்டனர். ஒப்பந்தகாரர் தமக்குள் கூடி விலையை உயர்த்துவதைக் கண்ட சபை, தன் கட்டிட வேலைகளைத் தானே செய்வதற்கு ஒரு வேலைத் திணைக்களத்தை அமைத்தது; ஒப்பந்தகாரருக்கு வேலை வழங்குமிடத்துத் தொழிற்சங்கங்கள் ஏற்ற கூலியை அவர்கள் கொடுக்க வேண்டும் என நிபந்தனை இட்டது. ட்ராம் கம்பனிகளை விலைக்கு வாங்கிற்று. 1903 இல் மின்சார ட்ராம் வண்டிகளை ஓட்டத் தொடங்கி, அதிகாலையில் வேலைக்குச் செல்வோருக்குக் குறைந்த கட்டணம் வைத்தது. வெப்பின் தலைமையில் 1893 இல் உருவான தொழினுட்பக் கல்விச் சபை புலமைப்பரிசில்கள் மூலம் ஏழைப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பின் வாயிலைத் திறந்தது. குடிநீர் விடயத்தில் மட்டும் முற்போக்காளர் தோற்றனர். எட்டுத் தனியார் கம்பனிகளின் கையிலிருந்த நீரைச் சபைக்கு உரிமையாக்க அவர்கள் நெடுநாட் போராடினர்; பழைமைவாத அரசாங்கமோ 1902 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதனை வேறொரு தனிச் சபையிடம் ஒப்படைத்தது.

இச்சபையின் பணிகளுள் எமது வினாவுக்கு நேரடியாக விடை தருவது வீடமைப்பேயாகும். பெத்னல் கிறீன், ஷோர்டிச் ஆகிய பகுதிகளின் எல்லையில் ஓல்ட் நிக்கொல் என்ற சேரி இருந்தது. சார்ள்ஸ் பூத் தயாரித்த வறுமைப் படத்தில் மிகவும் கரிய நிறந் தீட்டப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. 1890 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் துணையுடன் சபை அச்சேரியை முற்றாக இடித்தது. 5,719 பேர் இடம்பெயர்ந்தனர். இடிபாடுகளின் மண்ணை நடுவே மேடாக்கி, அதன்மேல் இசை மண்டபம் அமைத்து, அதிலிருந்து தெருக்கள் கதிர்களாகப் பிரியும்படி செங்கல்லாலான மாடிக் குடியிருப்புகளைச் சபையின் கட்டிடக் கலைஞர் எழுப்பினர். 1900 இல் வேல்ஸ் இளவரசர் அதனைத் திறந்துவைத்தார். ஏறத்தாழ 5,500 பேருக்கு அங்கு இடமிருந்தது. காற்றும் வெளிச்சமும் கலையழகும் உழைப்பாளிக்கும் உரியன என்பதை அக்கட்டிடங்கள் இன்றும் நின்று காட்டுகின்றன.

ஆனால் இடம்பெயர்ந்த 5,719 பேரில் அப்புதிய வீடுகளுக்குத் திரும்பி வந்தோர் 11 பேர் மாத்திரமே. இத்தொகையைச் சபையின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. அது முழு உண்மையாகாது. சேரியைத் துப்புரவாக்கும் செலவை மக்கள் பணம் ஏற்றதாயினும், கட்டிடச் செலவை வாடகையே ஈடுசெய்ய வேண்டும், சோலைவரி செலுத்துவோர்மீது அது சுமையாக இறங்கலாகாது என்பது விதியாக இருந்தது. வீட்டறையிலேயே தொழில் செய்து, வேலை கிடைத்த நாளிற் கிடைத்த கூலியைக் கொண்டு பிழைத்தவன் கிழமைதோறும் தவறாது வாடகை கட்டுவது எங்ஙனம்? ஒழுங்கான வருமானமுடைய தொழிலாளரே புதுமனை புகுந்தனர். பழைய குடிகள் அயலிலுள்ள நெரிசலான தெருக்களுக்கு நகர்ந்து அந்நெரிசலை மேலும் கூட்டினர். சேரி ஒழிந்தது, சேரிவாசியின் வறுமை ஒழியவில்லை. வருமானத்தைத் தொடாது வீட்டை மட்டுந் திருத்த முனையும் சீர்திருத்தம் எங்கே முட்டி நிற்கும் என்பதற்கு இதனிலுந் தெளிவான உதாரணத்தை நாம் கண்டதில்லை.

பின்னர் சபை நகரின் ஓரங்களிலும், 1900 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகத் தன் எல்லைக்கு வெளியிலும் வீடு கட்டலாயிற்று. 1921 இல் எசெக்ஸ் கவுண்டியிலே தொடங்கிய பெக்கன்ரீக் குடியிருப்பில் 1935 அளவில் ஏறத்தாழ 26,000 வீடுகள் எழுந்தன. வீட்டுக்கு முன்னும் பின்னும் தோட்டம், உள்ளே குளியல் வசதி. ஆயின் அருகில் வேலை இல்லை. போர்ட் மோட்டார்த் தொழிற்சாலை டகெனமில் 1931 இலேயே உற்பத்தியைத் தொடங்கியது. சபை அங்கு வீட்டுச் சொந்தக்காரனாக இருந்ததேயன்றி ஆட்சியாளனாக இருக்கவில்லை. பாடசாலை எசெக்ஸின் பொறுப்பு, ஏனையவை மூன்று உள்ளூர்ச் சபைகளின் பொறுப்பு.

1907 இல் முற்போக்காளர் தோற்றனர். தேம்ஸ் நதியில் அவர்கள் 1905 இற் தொடங்கிய நீராவிப் படகுச் சேவை பெரும் நட்டத்தில் ஓடியமை எதிரணிக்கு நல்ல ஆயுதமாயிற்று. நகராட்சிச் சீர்திருத்தக் கட்சி என்ற பெயர் பூண்ட பழைமைவாதிகள் வேலைத் திணைக்களத்தை 1909 இல் மூடினர். 1934 வரை ஆட்சியில் இருந்தனர். அவர்தம் காலத்து நிகழ்ச்சிகளுள் எம் கவனத்துக்குரியது 1921 இற் பொப்லர் நகரச் சபை நடத்திய போராட்டமாகும்.

இலண்டன் கவுண்டிக்குள் 28 நகரச் சபைகள் இருந்தன. கவுண்டிச் சபை தனக்கு வேண்டிய வரியை நேரே அறவிடுவதில்லை. ஒவ்வொரு நகரச் சபையும் அதனைச் சேர்த்தே அறவிட்டுக் கொடுக்க வேண்டும். ஆதனத்தின் பெறுமதி மீதே வரி கணிக்கப்பட்டதால், செல்வர் வாழும் வெஸ்ற்மின்ஸ்ரரிற் சிறு வீதமே பெருந்தொகையைத் தந்தது. துறைமுகத் தொழிலாளர் வாழும் பொப்லரில் உயர்ந்த வீதமும் போதவில்லை. வேலையற்றோருக்கான நிவாரணச் செலவோ பொப்லரிலேயே மிக அதிகம். ஜோர்ஜ் லான்ஸ்பரி தலைமையிலான பொப்லர் அங்கத்தவர்கள் கவுண்டிச் சபைக்கும் பொலிசுக்கும் ஏனைய மாநகர அமைப்புகளுக்கும் உரிய வரியை அறவிட மறுத்தனர். கவுண்டிச் சபை வழக்குத் தொடுத்தது. முப்பது அங்கத்தவர், பெண்கள் உட்பட, சிறை சென்றனர். பெண் அங்கத்தவரை வேறொரு சிறையிலிருந்து அழைத்துவந்து சிறைக்குள்ளேயே சபைக் கூட்டம் நடத்தினர் என்பது உள்ளூராட்சி வரலாற்றில் விசித்திரமான ஓர் அத்தியாயம். ஏறத்தாழ ஆறு கிழமைகளில் விடுதலையாயினர். நிவாரணச் செலவின் பெரும்பகுதியை மாநகர் முழுவதும் பகிர்ந்துகொள்ளச் செய்யும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. தொழிற் கட்சியின் இலண்டன் செயலாளரான ஹேர்பேட் மொறிசன் இப்போராட்ட முறையை ஏற்கவில்லை. சட்டத்தின் வழிநின்று திறமையான நிர்வாகத்தைக் காட்டியே மக்களை வெல்ல வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. எமது நோக்கில் 1921 ஆம் ஆண்டைப் பொறுத்தவரை பொப்லர் மக்களே சரி; வழக்காடு மன்றிலும் மனுக்களிலும் கிடையாதது சிறைக் கதவின் முன்னே கிடைத்தது.

மொறிசனின் முறை பலன் தந்த காலம் 1934 இலிருந்து தொடங்கியது. அவ்வாண்டில் தொழிற் கட்சி சபையைக் கைப்பற்றி, சபை மறையும்வரை அதனை இழக்காதிருந்தது. 1930 இல் ஏழை நிவாரணச் சபைகளிடமிருந்து வந்த வைத்தியசாலைகள் 1948 இல் தேசிய சுகாதார சேவையிற் சேரும்வரை சபையால் நடத்தப்பட்டன. நகரைச் சூழப் பசுமை வலயத்தைப் பேணுவதற்காக அயற் கவுண்டிகளுக்கு உதவும் 20 இலட்சம் பவுண் திட்டம் 1935 இல் வந்தது. போரிற் சிதைந்த பொப்லரில் 1951 இல் எழுந்த முன்மாதிரிக் குடியிருப்புக்கு, தான் முப்பதாண்டுகளுக்கு முன் வழக்குத் தொடுத்துச் சிறைக்கு அனுப்பிய லான்ஸ்பரியின் பெயரையே சபை சூட்டியது. 1965 இற் சபை கலைக்கப்பட்டு, புறநகர்களையும் உள்ளடக்கிய பெரிய இலண்டன் சபை அதனிடத்தைப் பெற்றது. 1901 இல் 45 இலட்சமாக இருந்த கவுண்டியின் குடித்தொகை 1961 இல் 32 இலட்சமாகக் குறைந்திருந்தது. மாநகர் பழைய எல்லையைத் தாண்டிவிட்டது என்ற வாதத்தில் உண்மை உண்டு. புறநகர்ப் பழைமைவாத வாக்குகளைச் சேர்த்தாலன்றித் தொழிற் கட்சியை அகற்ற முடியாது என்ற கணக்கும் அதனுள் இருந்தது.

இனி, இச்சபையின் குழு முறையைக் கவனிப்போம். கவுண்டிச் சபையில் அமைச்சர் என எவரும் இல்லை. வீடமைப்பு, கல்வி, வடிகால் என ஒவ்வொரு துறைக்கும் அங்கத்தவர் குழு ஒன்று உண்டு; அக்குழு அதிகாரிகளின் அறிக்கைகளை ஆராய்ந்து முழுச் சபைக்கு விதந்துரைக்கும். 1888 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கடிவாளத்தையும் இட்டிருந்தது: நிதிக் குழுவின் மதிப்பீடு இன்றி 50 பவுணுக்கு மேற்பட்ட எச்செலவையுஞ் சபை ஏற்கலாகாது. 1927 இல் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழுவினர், கட்சிகள் வளராது இனவாரிப் பிரிவுகளே மேலோங்கியிருந்த இந்நாட்டுக்கு இம்முறை ஏற்றதெனக் கருதினர். அங்கத்தவர் அனைவரும் ஏதேனும் ஒரு குழுவிலிருந்து நிர்வாகத்திற் பங்குகொண்டால் சிறுபான்மையோரின் அச்சம் நீங்கும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. 1931 இல் அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது. குழுத் தலைவர்களே அமைச்சராயினர்.

ஒரு மாநகரின் வடிகாலையும் வீட்டையும் பார்ப்பதற்கு அமைந்த முறை ஒரு நாட்டை ஆளப் புகுந்தபோது இரண்டு அம்சங்கள் வழியில் விடுபட்டுப்போயின. இலண்டனில் குழுக்களை ஒன்றிணைத்தது கட்சி. முற்போக்காளர் காலத்திலும் மொறிசன் காலத்திலும் குழுத் தலைவர்கள் ஒரே கொள்கைக்குக் கட்டுப்பட்டோர். இலங்கையில் ஏழு அமைச்சர் ஏழு திசையில் நின்றனர். இலண்டனின் நிதிக் குழு தெரிவானோரின் குழு. இலங்கையிலோ நிதி, தேசாதிபதியின் கீழிருந்த நிதிச் செயலாளரின் கையில் இருந்தது. இவ்வாறாயினும் குழு முறை முற்றாகப் பயனற்றதென்று ஒதுக்குவது நியாயமன்று. கன்னங்கரா கல்விக் குழுவின் தலைவராக நின்று உருவாக்கிய இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்தமையை இங்கு மறத்தலாகாது.

சிறுபான்மையோரின் அச்சத்தை நீக்குவதில் அது என்ன ஆயிற்று? 1931 இல் யாழ்ப்பாணத்து நான்கு ஆசனங்கள் பகிஷ்காரத்தால் வெறுமையாகக் கிடந்தன. ஆயினும் அமைச்சர் எழுவருள் பெரி சுந்தரமும் மாக்கான் மாக்காரும் இடம்பெற்றனர். 1936 ஆம் ஆண்டுத் தேர்தலின் பின், அங்கத்தவர் குழுக்களாகப் பிரியும் வேளையிலேயே ஒவ்வொரு குழுவிலும் சிங்கள அங்கத்தவர் பெரும்பான்மை பெறுமாறு ஒழுங்கு செய்யப்பட்டது. ஏழு குழுக்களின் தலைவர்களும் சிங்களவராகவே தெரிவாயினர். 1947 இற் சோல்பரி அரசியற்றிட்டத்தின் கீழ்ப் பாராளுமன்றம் கூடியபோது நிர்வாகக் குழுக்கள் மறைந்துவிட்டன. தேம்ஸ் நதிக்கரையிலே கவுண்டிச் சபையின் குழுக்கள் மேலும் பதினெட்டு ஆண்டுகள் கூடிக்கொண்டிருந்தன.