பார்க்கின்சன் நோயும் இருவர் மிதிவண்டியும்: தம்பதியர் அறிய வேண்டியவை

ஒன்றன்பின் ஒன்றாக இரு இருக்கைகள் கொண்ட நீண்ட மிதிவண்டி, டேண்டம் எனப்படும் இருவர் மிதிவண்டியாகும். இதன் பெரும்பாலான வகைகளில் இருவரின் பெடல்களும் ஒரு சங்கிலியால் பிணைக்கப்பட்டுள்ளன. எனவே, முன்னிருப்பவர் மிதிக்கும் வேகத்திலேயே பின்னிருப்பவரின் கால்களும் சுழலும்.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில் உடலியக்கம் மந்தமடைவதால், இவ்வமைப்பு மருத்துவக் கவனத்தைப் பெற்றது. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நடைபெற்ற நெடும்பயணத்தில், ஆய்வாளர் ஜே ஆல்பர்ட்ஸ் இந்நோயுள்ள பெண்மணி ஒருவருடன் இத்தகைய வண்டியில் சென்றார். அப்பெண்மணியின் கையெழுத்து தெளிவடைந்ததை அவர் கவனித்தார். 2009இல் வெளியான அவரது குழுவின் ஆய்வில், தாமாக மிதிப்பதைவிட விரைவாக 8 வாரங்கள் மிதிக்கச் செய்யப்பட்டவர்களின் இயக்கத்திறன் மதிப்பெண் 35 விழுக்காடு மேம்பட்டது. தம் விருப்ப வேகத்தில் மிதித்தவர்களிடம் அம்மேம்பாடு காணப்படவில்லை. ஆயினும் ஆய்வில் பங்கேற்றோர் பத்துப் பேரே. பயிற்சி நின்றபின் பயனும் குறைந்தது. இது மருந்துக்கு மாற்று அன்று.

நோயுற்றவர் பின்னிருக்கையிலேயே அமர வேண்டும். கைப்பிடியும் பிரேக்கும் துணைவரிடமே இருத்தல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் மனைவியைப் பின்னால் அமர்த்தி வண்டி ஓட்டிய கணவருக்கு இம்மாற்றம் எளிதன்று. மருத்துவர் முன்னிலையில் இதனைப் பேசி முடிவெடுப்பது, வீட்டில் வாக்குவாதம் செய்வதினும் நல்லது.

பின்னிருப்பவருக்குச் சாலை தெரியாது. ஆகவே "புறப்படுகிறேன்", "பள்ளம்", "நிறுத்துகிறேன்" என முன்னிருப்பவர் உரக்கக் கூற வேண்டும். துணைவர் முதலில் தனியாகவும், பின்னர் நோயற்ற ஒருவருடனும் பழகிய பிறகே நோயுற்றவரை ஏற்றுங்கள். இவ்வண்டி திரும்புவதற்கு அகன்ற இடம் தேவை. போக்குவரத்து நெரிசலில் வேண்டாம். தலைக்கவசம் இருவருக்கும் இன்றியமையாதது.

மருந்து நன்கு வேலைசெய்யும் நேரத்தில் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள். விழும் அபாயம் இறங்கும்போதே மிகுதி: இந்நோயில் எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் திடீரெனக் குறையலாம், கால்கள் தரையில் ஒட்டியதுபோல் உறையவும் கூடும். துணைவர் இரு கால்களையும் ஊன்றி வண்டியைப் பிடித்துக்கொள்ள, நோயுற்றவர் சற்றுப் பொறுத்து இறங்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். இதயநோய் உடையோர் தொடங்குமுன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சமநிலை மிகவும் குன்றியவர்களுக்கு வீட்டிலுள்ள நிலையான பயிற்சி மிதிவண்டியே போதுமானது.

நடக்கத் தடுமாறும் நோயாளர் சிலர் மிதிவண்டியை இயல்பாக ஓட்டுவதுண்டு. மாறாக, முன்பு நன்றாக ஓட்டியவர் நோயின் தொடக்கத்திலேயே சமநிலை இழந்து ஓட்ட இயலாமற்போனால், அதனை நரம்பியல் மருத்துவரிடம் தவறாமல் தெரிவியுங்கள். நோயின் வகை வேறாக இருக்கக்கூடும்.