மீட்பு என்றால் எதிலிருந்து? – மதுரை சொல்லும் நானூறு ஆண்டுக் கதை

மதுரையில் ஒரு கத்தோலிக்க வீட்டில் கேட்டால் "மீட்பு" என்பார்கள். அடுத்த தெருவில் உள்ள சி.எஸ்.ஐ. வீட்டில் கேட்டால் "இரட்சிப்பு" என்பார்கள். இரண்டு வீட்டிலும் தொங்குவது ஒரே சிலுவைதான். ஆனால் அந்தச் சிலுவையில் நடந்தது என்ன, அதனால் மனிதனுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டுப் பாருங்கள். பதில்கள் வேறு வேறாக வரும்!

இது வெறும் சொல் சண்டை இல்லை. நானூறு ஆண்டுகளாக இந்த ஊரில் யார் யாரோடு உட்காரலாம், யார் யாரோடு சாப்பிடலாம் என்பதையே இந்தக் கேள்விதான் அலைக்கழித்திருக்கிறது.

பலியா? கழுவாயா?

புதிய ஏற்பாட்டில் யோவானின் முதல் கடிதத்தில் ஒரு வசனம் வருகிறது. பாவத்தைப் பொறுத்தவரை இயேசு யார் என்று அது சொல்கிறது. புராட்டஸ்டண்டுகள் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் "கிருபாதாரபலி" என்ற சொல் இருக்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "கழுவாய்" என்று இருக்கிறது. கழுவாய் என்பது புறநானூற்றிலேயே உள்ள பழைய தமிழ்ச் சொல். தீவினைக்குச் செய்யும் பரிகாரம் என்று பொருள்.

பலி என்றால் கடவுளின் முன் வைக்கப்படுவது. கழுவாய் என்றால் மனிதனின் கறையைப் போக்குவது. அப்படியென்றால் சிலுவை மாற்றியது கடவுளின் கோபத்தையா, மனிதனின் நிலையையா? உலகக் கிறிஸ்தவ வரலாறு முழுக்க நடந்த விவாதம் இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆதி காலத்தில் பலர் சிலுவையை, அடிமையை விடுவிக்கக் கொடுத்த மீட்புப் பணம் என்றார்கள். 1098 வாக்கில் ஆன்செல்ம் என்ற பேராயர் வேறு விதமாகச் சொன்னார். மனிதனின் கணக்கில் கடவுளுக்குச் சேரவேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. அதை அடைக்க மனிதனுக்கு வழியில்லை. கடவுளே மனிதனாக வந்து அடைத்தார் என்பது அவர் வாதம். அவருக்குப் பின் வந்த அபெலார்டு, சிலுவை கணக்கு தீர்க்க அல்ல, கடவுளின் அன்பைக் காட்டி மனிதனின் மனதை மாற்றவே என்றார்.

16-ஆம் நூற்றாண்டில் கேள்வி இன்னொரு பக்கம் திரும்பியது. அந்தப் பலன் மனிதனுக்கு எப்படிக் கிடைக்கிறது? விசுவாசத்தால் மட்டுமே என்றார் மார்ட்டின் லூதர். கடவுளின் அருளோடு மனிதனின் ஒத்துழைப்பும் நற்செயலும் வேண்டும் என்று 1547-இல் திரெந்து சங்கம் பதில் சொன்னது.

இந்தக் கருத்துகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தன.

குருவாக வந்த மீட்பர்

இத்தாலியரான இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். அப்போது அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் ஏற்கெனவே இருந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவக் கிறிஸ்தவர்களை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். உள்ளூர் மக்கள் யாரும் அவரிடம் சேரவில்லை. காரணம் எளிது. கிறிஸ்தவன் ஆவது என்றால் பரங்கிக் கூட்டத்தில் சேர்வது என்றே மக்கள் நினைத்தார்கள். அதாவது ஆத்துமாவுக்குக் கிடைக்கும் மோட்சத்துக்கு விலை, சொந்தக் குலம்!

நொபிலி அந்த விலையை எடுத்துவிட நினைத்தார். காவி உடுத்தினார், மாமிசம் தவிர்த்தார், தனிச் சமையல் வைத்துக்கொண்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். தத்துவ போதகர் என்ற பெயரும் பெற்றார். அவருடைய போதனையில் இயேசு முதன்மையாக ஒரு தெய்வீகக் குரு. மெய்யான ஞானத்தைத் தந்து கரையேற்றுபவர். பாவமன்னிப்பையும் சிலுவையையும் அவர் விட்டுவிடவில்லை. ஆனால் மதுரைக்காரனுக்குப் புரியும் வாசல் குரு என்ற வாசல்தான் என்று கருதினார்.

பூணூல், சந்தனம், குடுமி எல்லாம் குல வழக்கமே தவிர மதம் அல்ல, அவற்றுக்கும் மீட்புக்கும் சம்பந்தம் இல்லை என்பது அவர் வாதம். பெர்னாண்டஸ் இதை எதிர்த்துப் புகார் எழுதினார். வழக்கு கோவா வரை, பிறகு ரோம் வரை போனது. 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் நொபிலியின் முறையை நிபந்தனைகளோடு அனுமதித்தார்.

நொபிலி வென்றார். ஆனால் அவருடைய கோவில் தனி, பரதவர்களின் கோவில் தனி என்ற நிலையும் சேர்ந்தே வென்றது. 1640 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டார்கள். மோட்சம் ஒன்று, அதற்குப் போகும் வாசல்கள் மட்டும் இரண்டு!

விசுவாசம் போதுமா, பந்தியும் வேண்டுமா?

1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததோடு லூதரின் கருத்தும் தமிழுக்கு வந்தது. மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் அந்தக் கருத்தை மறுத்துத் தமிழிலேயே எழுதினார். அவருடைய வேத விளக்கம் 1728-இல் எழுதப்பட்டது. ஐரோப்பியச் சண்டை அப்படியே தமிழ் உரைநடைக்கு வளம் சேர்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் உண்மையான சோதனை அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். ஒவ்வொரு மனிதனும் தனித்தனியே மனம் திரும்ப வேண்டும், அந்த மாற்றம் வாழ்க்கையில் தெரிய வேண்டும் என்பது அவர்கள் போதனை. 1847-இல் அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். சபையில் இருப்பவர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாக மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட வேண்டும். உபதேசிமார் உட்படப் பலர் மறுத்தார்கள், சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள்.

தரங்கம்பாடி வழிவந்த லைப்சிக் லூத்தரன் மிஷன் இதை ஏற்கவில்லை. சாதி சமூக வழக்கம். பொறுமையாகப் போதித்தால் தானாகத் தேயும். கட்டாயப்படுத்தக் கூடாது என்றது.

இங்கேதான் சிக்கல். விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு என்றால், சாப்பாட்டை ஒரு நிபந்தனையாக எப்படி வைக்க முடியும்? அது மனிதச் செயலால் மோட்சம் தேடுவது ஆகாதா? மறுபக்கம், பக்கத்தில் உட்கார்ந்து உண்ண மனம் வராதவனிடம் எந்த விசுவாசம் இருக்கிறது? இரண்டு கேள்விகளிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பந்தியில் எழுப்பி விடப்பட்டவனிடம் கேட்டிருந்தால் எந்தக் கேள்வி பெரியது என்று அவன் சொல்லியிருப்பான்.

ஒரே உலை

20-ஆம் நூற்றாண்டில் தமிழர்களே இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் தொடங்கினார்கள். பாளையங்கோட்டையில் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி, பிற்காலத்தில் கோயம்புத்தூர் பேராயரானவர், கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கினார். அவர் பார்வையில் இரட்சிப்பு என்பது தண்டனையிலிருந்து தப்புவதைவிட, அன்பால் இறைவனோடு ஒன்றித்து வாழ்வது. ஆழ்வார், நாயன்மார் பாடல்களைக் கேட்டு வளர்ந்த மண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1969-இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியது. ஒருகாலத்தில் எதிரெதிரே நின்ற சி.எஸ்.ஐ., லூத்தரன் மரபுகளின் மாணவர்கள் அங்கே சேர்ந்து படித்தார்கள். அங்கே பேராசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு. "பரட்டை" என்ற பெயரில் கிராமியப் பாடல்கள் எழுதிய அவர் 2005-இல் காலமானார். அவர் தந்த உருவகம் "ஒரே உலை". எல்லோருடைய அரிசியும் ஒரே பானையில் வெந்து, எல்லோரும் அதிலிருந்தே உண்பது. தலித் மக்களுக்கு மீட்பு என்பது செத்த பிறகு கிடைக்கும் இடம் மட்டுமல்ல. சாதி, பசி, அவமானம் ஆகியவற்றிலிருந்து இங்கேயே கிடைக்க வேண்டிய விடுதலை என்றார்.

1847-இல் சோதனையாக வைத்த சாப்பாடு, அப்பாவுவிடம் மீட்பின் உருவமாகவே மாறிவிட்டது!

முடிவாக

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் மீட்கப்படுவது கடவுளின் அருளால்தான், நற்செயல்கள் அதன் கனி என்பதில் அடிப்படை ஒற்றுமை கண்டன. ஏறக்குறைய 450 ஆண்டு வாதத்தில் அது பெரிய முன்னேற்றம்.

ஆனால் தமிழ்நாட்டின் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைகளிலேயே சாதிக்கொரு இடம் ஒதுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. அவுக்ஸ்பர்க்கில் போட்ட கையெழுத்து அந்தச் சுவரைத் தொடவில்லை.

கடன் தீர்ந்ததா, கறை போனதா, குரு கிடைத்தாரா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கலாம். அவை தேவையான விவாதங்களே. ஆனால் மதுரையின் வரலாறு திரும்பத் திரும்பக் கேட்பது இன்னும் எளிய கேள்வி. மீட்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்களா? அதற்கு ஆம் என்று சொல்ல முடியாத வரை, மீட்பு என்றாலும் இரட்சிப்பு என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை.