குறத்தி வேஷம் எப்படி இவ்வளவு மலிவாச்சு?

அக்டோபர் கடைசி வாரம் வந்துட்டா ஐ.டி. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்கள்ல ஒரே பேச்சுதான். ஹாலோவீனுக்கு என்ன வேஷம் போடறது? செலவு ஆகக்கூடாது, வீட்டுல இருக்கறத வெச்சே முடியணும். பொண்ணுங்களுக்கு டக்குனு தோணுறது ரெண்டு. ஒண்ணு, வெள்ளைச் சேலை கட்டி முடியை விரிச்சுப் போட்டா மோகினி. இன்னொண்ணு, குறத்தி.

ஸ்கூல் மாறுவேடப் போட்டியில இருந்தே குறத்தி வேஷம் நமக்குப் பழக்கம். பழைய கட்டம் போட்ட சேலையை ஏத்திக் கட்டணும். கழுத்து நிறையப் பாசிமணி. ஐப்ரோ பென்சிலால தாடையில மூணு புள்ளி வெச்சா பச்சை குத்தின மாதிரி ஆயிடும். இடுப்புல ஒரு கூடை, கையில ஒரு குச்சி. பத்து நிமிஷத்துல ரெடி. இன்னைக்கு எபிசோட் இந்த வேஷத்தோட வரலாறு. இதுல முக்கியமான ஊர் குத்தாலம்.

தென்காசிக்குப் பக்கத்துல மேலகரம்னு ஒரு ஊர். அந்த ஊர்க்காரர் திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டுல திருக்குற்றாலக் குறவஞ்சியை எழுதினார். அப்போ மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இதுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடுன்னே பேர்.

கதை சிம்பிள். வசந்தவல்லி பந்து விளையாடிட்டு இருக்கா. குற்றாலநாதர் பவனி வர்றதைப் பார்த்ததும் அவர் மேல காதல் வந்துடுது. இந்தக் காதல் கைகூடுமான்னு குறி சொல்ல ஒரு குறத்தி வர்றா. அவ பேர் சிங்கி. முதல்ல தன்னோட மலையைப் பத்திப் பெருமையாச் சொல்றா. எந்தெந்த நாட்டுக்குப் போனேன், யார் யார் என்னென்ன பரிசு கொடுத்தாங்கன்னு சொல்றா. அப்புறம்தான் கையைப் பார்க்கறா.

இதுக்கப்புறம் வர்ற காட்சிதான் நமக்கு முக்கியம். சிங்கியைத் தேடிக்கிட்டு அவ புருஷன் சிங்கன் வர்றான். கடைசியில அவளைக் கண்டுபிடிச்சதும் அசந்து நிக்கறான். ஏன்னா அவ உடம்பு பூரா நகை. காலைப் பார்த்து இது என்ன, இடுப்பைப் பார்த்து இது என்னன்னு ஒவ்வொண்ணாக் கேட்கறான். அவளும் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்றா. எல்லாமே குறி சொல்லிச் சம்பாதிச்சது. அதாவது அவ தொழிலுக்குக் கிடைச்ச கூலி.

மக்களே, இங்கதான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கணும். குத்தாலத்துக் கவிராயர் காட்டின குறத்தி, ஊர் ஊராப் போய் வந்த, தன் வித்தையால சம்பாதிச்ச ஒரு பெண். நம்ம மாறுவேடப் போட்டிக் குறத்திகிட்ட இருக்கறது கிழிஞ்ச சேலையும் பிளாஸ்டிக் மணியும்தான். நடுவுல என்ன ஆச்சு?

குறவஞ்சியோட மவுசு மேடையில குறையவே இல்லை. 1944ல ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவுல முதல் நாட்டிய நாடகமா மேடையேத்தினதே குற்றாலக் குறவஞ்சியைத்தான். ஆனா நிஜக் குறவர்களோட கதை வேற பக்கம் போச்சு. 1871ல வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தான். 1911ல அது சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. அந்தப் பட்டியல்ல குறவர் சமூகத்தையும் சேர்த்தாங்க. ஊர் ஊராப் போறதுதான் சிங்கியோட பெருமை. அதே ஊர் சுத்தறதைச் சட்டம் சந்தேகக் கண்ணோட பார்த்துச்சு. இங்க அந்தச் சட்டம் போனது 1947லதான்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. வேஷத்துல நாம போடற பாசிமணி நரிக்குறவர்கள் விக்கறது. அவங்க வேற சமூகம். வீட்டுல பேசறது வாக்ரிபோலி, குஜராத்தி மாதிரி மொழிகளோட சொந்தம் உள்ள ஒரு மொழி. அவங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கற மசோதா நாடாளுமன்றத்துல நிறைவேறினதே 2022 டிசம்பர்லதான். நம்ம வேஷத்துல ரெண்டு சமூகமும் ஒரே கூடைக்குள்ள போயிடுச்சு. ரெண்டு பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கலை.

கேட்காம விட்டதுக்கு அவங்களே பதில் சொன்னாங்க. கோயில் கொடை மேடைகள்ல குறவன் குறத்தி ஆட்டம்னு ஒண்ணு நடக்கும். ஆடறவங்க வேற ஆளுங்க, ஆட்டம் பல இடத்துல ஆபாசம், பேர் மட்டும் குறவர் பேர். இது எங்க சமூகத்துக்கு அவமானம்னு வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போச்சு. 2023ல தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டுச்சு.

இது நம்ம ஊர் விஷயம் மட்டும் இல்லை. 2011ல அமெரிக்காவுல ஒஹையோ பல்கலைக்கழக மாணவர்கள் ஹாலோவீன் சமயத்துல போஸ்டர் ஒட்டினாங்க. ஒவ்வொரு போஸ்டர்லயும் ஒரு மாணவர் ஒரு போட்டோவைக் கையில பிடிச்சிட்டு நிப்பார். போட்டோவுல யாரோ ஒருத்தர் அந்த மாணவரோட சமூகத்தையே வேஷமாப் போட்டிருப்பார். எங்க பண்பாடு உனக்கு வேஷமான்னு கேட்கறதுதான் அந்தப் போஸ்டர்.

அப்போ வேஷமே போடக்கூடாதான்னு கேட்பீங்க. நம்ம பக்கத்து ஆட்கள்கிட்ட அப்படிச் சொல்லவே முடியாது. குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு தென்காசி, திருநெல்வேலி பக்கம் இருந்தெல்லாம் மாலை போட்டு, விரதம் இருந்து, வேஷம் கட்டிக்கிட்டுப் போறாங்க. காளி, ராஜா, போலீஸ், குரங்கு, பிச்சைக்காரர்னு எல்லாம் உண்டு, குறத்தியும் உண்டு. வேஷத்தோட வீடு வீடாக் காணிக்கை கேட்டு, வந்த காசை அம்மன் உண்டியல்ல போடணும். பிச்சைக்கார வேஷத்துக்கு ஒரு கிழிஞ்ச வேட்டி போதும். ஆனா அடுத்தவன் வாசல்ல போய்க் கை ஏந்தணும். அங்க செலவு துணியில இல்லை, கௌரவத்துல. அதையும் போட்டவரே கொடுக்கறார். நம்ம ஆபீஸ் குறத்தி வேஷத்துக்கு அந்த விலையை வேற யாரோ கொடுக்கறாங்க.

அதனால ஒரு சின்ன டெஸ்ட். நீங்க எந்த வேஷம் போட்டிருக்கீங்களோ, அந்தச் சமூகத்துப் பொண்ணு ஒருத்தி உங்க டீம்ல புதுசா வந்து சேர்ந்தா, அவ பக்கத்துல நின்னு செல்ஃபி எடுப்பீங்களா? தயங்கினீங்கன்னா வேற வேஷம் பாருங்க.

பட்ஜெட்டுக்கு நான் ஒண்ணு சொல்றேன். அதே குறவஞ்சியில இருந்தே எடுத்துக்கலாம். அம்மாவோட பழைய பட்டுப் பாவாடை, ஒரு தாவணி, தலை நிறைய மல்லி, கையில ஒரு டென்னிஸ் பந்து. யாருன்னு கேட்டா, வசந்தவல்லின்னு சொல்லுங்க. எந்த ஊருன்னு கேட்டா, குத்தாலம். பூவுக்கும் பந்துக்கும் மட்டும்தான் செலவு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.