சர்வோதய சிரமதான இயக்கம்

சர்வோதய சிரமதான இயக்கம் என்பது இலங்கையின் ஊர்ப்புற மக்கள் தமது தேவைகளைக் கூட்டுழைப்பின் மூலம் தாமே நிறைவு செய்துகொள்வதை நோக்கமாகக் கொண்ட தன்னார்வ அமைப்பு ஆகும். இதனை 1958 இல் கொழும்பு நாளந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தொடங்கினார். 1972 இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் இது கூட்டிணைக்கப்பட்டது. தலைமையகம் மொறட்டுவையில் உள்ளது.

பெயர்

சர்வோதயம் என்பது ஜோன் ரஸ்கினின் நூலொன்றைக் குசராத்தியில் தழுவி எழுதியபோது காந்தி அதற்கு இட்ட பெயர். அனைவரின் உயர்வு என்பது பொருள். ஆரியரத்ன பௌத்த நோக்கில் இதனை 'அனைவரின் விழிப்பு' எனக் கொண்டார். சிரமதானம் என்பது உழைப்பைக் கொடையாக அளித்தல்.

தொடக்கம்

முதல் சிரமதானம் குருநாகல் மாவட்டத்தின் கனத்தொலுவ என்னும் ஊரில் நடைபெற்றது. அங்கு வாழ்ந்தோர் சிங்களச் சாதியமைப்பின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்த ரொடியா மக்கள். தலைநகரின் பெயர்பெற்ற பாடசாலை ஒன்றின் மாணவர்கள் அவர்களுடன் தங்கி, உண்டு, உடலுழைப்பில் ஈடுபட்டது அக்காலத்தில் சிறிய செயலன்று. அங்கு முடிக்கப்பட்ட வேலைகளை விட இதுவே பெரிது எனலாம்.

செயற்படும் முறை

ஓர் ஊர் அழைத்தால் மட்டுமே இயக்கத்தினர் அங்கு செல்வர். பாதையா, குளமா, எது முதலில் வேண்டும் என்பதை ஊராரே முடிவு செய்வர். வேலைக்கிடையே அனைவரும் கூடும் 'குடும்பக் கூட்டம்' இதன் உயிர்நாடி. இதில் சாதி, பதவி பாராது ஒருவரையொருவர் அண்ணன், தங்கை போன்ற உறவுமுறையால் அழைப்பர், யாரும் பேசலாம்.

சிரமதானம் ஐந்து படிநிலைகளில் முதலாவது மட்டுமே. அடுத்துத் தாய்மார், இளைஞர், உழவர் குழுக்களும் முன்பள்ளியும் அமைக்கப்படும். பின்னர் ஊர்ச் சங்கம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டு, சேமிப்பு, கடன், தொழில் என வளரும். இறுதிப் படிநிலையில் அவ்வூர் பிற ஊர்களுக்கு உதவ வேண்டும்.

விமர்சனம்

1970கள் முதல் வெளிநாட்டு நிதி பெருமளவில் வந்தது. பின்னர் கொடையாளர்கள் எண்ணிக் காட்டக்கூடிய இலக்குகளைக் கோரினர். பாதையின் நீளத்தை அளக்கலாம். கூட்டத்தில் முதன்முறையாக வாய் திறந்த ஒருவரின் துணிவை எவ்வாறு அளப்பது? இம்முரண்பாடு முற்றி, 1990களில் நிதி குறைந்தது. தன்னிறைவு பேசிய இயக்கம் பிறர் பணத்தைச் சார்ந்திருந்தது என்ற குறை நியாயமானதே. இவ்வியக்கம் போற்றும் பழைய சிற்றூர், நகர நடுத்தர வகுப்பினரின் கற்பனை என்று றிச்சர்ட் கொம்பிரிச், கணநாத் ஒபேசேகர ஆகியோர் 1988 இல் எழுதினர்.

விருதுகள்

ஆரியரத்ன 1969 இல் மகசேசே விருதையும் 1996 இல் காந்தி அமைதிப் பரிசையும் பெற்றார். அவர் 2024 ஏப்ரல் 16 அன்று காலமானார்.