முடிச் சாயம் தவறிப்போனால் என்ன செய்யலாம்?

தீபாவளி, திருமணம் என்றால் வீட்டிலேயே முடிக்குச் சாயம் பூசிக்கொள்வோர் பலர். நினைத்த நிறம் வராமல் அட்டைக் கறுப்பாகவோ ஆரஞ்சாகவோ போய்விட்டால், உடனே இன்னொரு பெட்டி சாயம் வாங்கிப் பூசக்கூடாது.

சாயம் ஏறிய முடியை வெளிர் நிறச் சாயம் வெளுக்காது. முதலில் பழைய சாயத்தை நீக்க வேண்டும். சிகையலங்கார நிபுணர்கள் இதற்குச் சாயநீக்கி அல்லது பிளீச் பயன்படுத்துவார்கள். கறுப்பு முடி வெளுக்கும்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என வரிசையாக நிறம் மாறும். ஆரஞ்சை நீல நிற டோனரும் மஞ்சளை ஊதா நிற டோனரும் அடக்கும். முடி உடையாமல் இருக்க, இதைச் சில வார இடைவெளியில் பல தடவையாகச் செய்வதுண்டு. எனவே விசேஷத்திற்கு முதல் நாள் போனால் பயனில்லை.

மருதாணித் தூள் பூசியிருந்தால் நிபுணரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில தூள்களில் உலோக உப்பு கலந்திருக்கும். பிளீச்சில் சேரும் ஹைட்ரஜன் பெராக்சைடு அதில் பட்டால் முடி சூடாகி அறுந்துபோகலாம். முடி மாதத்திற்குச் சுமார் 1 செண்டிமீட்டரே வளர்வதால், நீண்ட கூந்தலின் நுனியில் 2 ஆண்டுகளுக்கு முன் பூசியதும் இருக்கும். அதனால்தான் முதலில் ஒரு சிறு கற்றையில் சோதித்துப் பார்க்கிறார்கள்.

கறுப்புச் சாயங்கள் பலவற்றில் உள்ள பிபிடி என்ற இரசாயனம் சிலருக்கு ஒவ்வாது. 48 மணி நேரத்திற்கு முன்பே தோலில் சிறிது தடவிப் பார்ப்பது நல்லது. தலைத்தோல் புண்ணானாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நிறத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.